இருமல் இல்லாத றெக்கோட்

ஹியூபேட் சவுந்தரநாயகம் உலகத்தில் நம்பியது இரண்டே இரண்டை. ஒன்று கொட்டாஞ்சேனைப் பெரிய கோயில் மணி, மற்றது தன்னுடைய காது. மிச்சம் எல்லாவற்றின் மேலும் அவருக்குச் சந்தேகம். பால்காரன் தண்ணீர் கலக்கிறான், மீன்காரன் தராசைச் சுண்டுகிறான், துறைமுகத்துக் கப்பல் கொம்பனியில் கூட வேலை செய்யும் கிளாக்குமார் எல்லாரும் தன் கதிரைக்குக் குறி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேதான் பின்னேரம் வந்து சேட்டைக் கழற்றுவார். மனைவி டோரினுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. கொழும்பில் சந்திக்குச் சந்தி மணல்மூட்டை. தமிழ்ப் பெயர் உள்ளவன் பாண் வாங்கப் போனாலும் அடையாள அட்டையோடு போக வேண்டிய காலம். ஊரே ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டிருந்தது. ஹியூபேட் அதைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை.

அவரிடம் ஒரு றெக்கோட் இருந்தது. ‘பேப்பர் டிரெயின்’ என்ற ஆங்கில ரொக் குழுவின் ‘வெட் மண்டே’. ரொக் என்றாலும் வானொலியில் போகிற சாதியில்லை. ஆல்டர்னேட்டிவ் என்று அதற்கு ஒரு தனிப் பெயர். பாடுகிறவன் பல்லுவலிக்காரனைப் போல முனகுவான், கிற்றார்க்காரன் திடீரென்று கோபம் வந்தவனாக எல்லாக் கம்பியையும் ஒன்றாக அடிப்பான். கப்பல் அதிகாரி ஒருவர் லண்டனில் வாங்கி வந்து ஹியூபேட்டுக்குக் கொடுத்தது. கசெட்டும் சிடியும் வந்து எல்லாரும் றெக்கோட்டைத் தூக்கி எறிந்த பிறகும், ஹியூபேட் தன்னுடையதைக் குழந்தைப் பிள்ளை போலப் பஞ்சில் வைத்திருந்தார்.

காரணம் ஒரு இருமல். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு தொடங்குவதற்கு முன், ட்ரம் அடிக்கிறவன் ஒரு முறை இருமுவான். றெக்கோட் கொம்பனிக்காரர்கள் கவனிக்காமல் விட்டுவிட்ட இருமல். முதல் அச்சில் மட்டும்தான் அது இருக்கிறது, இரண்டாம் அச்சில் வெட்டி எறிந்துவிட்டார்கள். லேபிளுக்குப் பக்கத்தில், பாட்டுக் கோடுகள் முடிந்த பளபளப்பான வளையத்தில், கம்பியால் கீறினதுபோல ஒரு இலக்கம் இருக்கும். அது ஒன்றில் முடிந்தால் முதல் அச்சு, இரண்டில் முடிந்தால் இரண்டாம் அச்சு. மற்றப்படி இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. உறையும் லேபிளும் ஒரே வார்ப்பு. ஹியூபேட்டின் றெக்கோட் முதல் அச்சு. இலங்கையிலேயே அது ஒன்றுதான் என்று அவர் சொல்வார். யாரும் போய் எண்ணிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருடைய விறாந்தை அறையில் மூன்று பேர் கூடுவார்கள். வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருந்த பூபாலசிங்கம் ஒருவர். அவரிடமும் ‘வெட் மண்டே’ இருந்தது, ஆனால் இரண்டாம் அச்சு. மற்றவன் அழகுமுத்து. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், முப்பது வயது, புறக்கோட்டையில் மின்விசிறி விற்கிற கடையில் விற்பனையாளன். ஹியூபேட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தான். அவனுக்கு அறை கொடுப்பதற்கு முன் ஹியூபேட் கேட்ட கேள்விகளைப் பொலிஸ்கூடக் கேட்டிருக்காது. கடைசியில் அவன் நடையில் நின்று றெக்கோட்டைக் கேட்ட விதத்தில் மனம் இளகி, சட்டப்படி பொலிஸில் பெயரையும் பதிந்து, அறையைக் கொடுத்தார். நாளடைவில் அவன் அவரை அண்ணே என்றான். இவரும் மறுக்கவில்லை.

அந்த ஞாயிறு பூபாலசிங்கம் தன் றெக்கோட்டையும் கொண்டு வந்திருந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார்கள். இருமல் வந்ததும் ஹியூபேட் கையை உயர்த்தினார், கோயிலில் சுவாமி நற்கருணையை உயர்த்துகிற நேரம் போல.

“ஐசே,” என்றார் பூபாலசிங்கம், “கிழமை முழுக்க இருமுற சனத்துக்கு மருந்து குடுக்கிறன். ஞாயிற்றுக்கிழமையும் நான் இருமல் கேக்கோணுமோ? என்ர றெக்கோட்டைக் கேளும். எவ்வளவு துப்புரவாக் கிடக்கு.”

“துப்புரவுதான். குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிரேதம் மாதிரி. உயிர் எங்க?”

“உம்மட பிளேயர் கிழடு. அதில எல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்கும். என்ர வீட்டை வாரும், என்ர பிளேயரில போட்டுக் காட்டுறன், ஆர் சரியெண்டு தெரியும்.”

அழகுமுத்து நடுவில் மாட்டிக்கொண்டான். அவனுடைய அபிப்பிராயத்தைக் கேட்டார்கள்.

“எனக்குப் பாட்டு பாதி வெளங்கலீங்கண்ணே,” என்றான். “ஆனா அந்த இருமல் வந்தாத்தான், சரி, அங்க ஒரு ஆளு இருக்கான்னு தோணுது.”

ஹியூபேட்டுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவனுடைய தோளில் தட்டினார். அன்று பின்னேரமே மூவரும் இரண்டு றெக்கோட்டையும் ஒரே துணிப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினார்கள். பையை ஹியூபேட் யாரிடமும் கொடுக்கவில்லை.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். சோதனை. பூபாலசிங்கத்தின் அட்டையில் வடக்கே பருத்தித்துறை என்று இருந்தபடியால் அவரைத் தனியாக ஒரு பக்கம் கூட்டிப் போய்விட்டார்கள். ஹியூபேட்டின் பையைத் திறந்த சிப்பாய்க்கு அவருக்கு மகனாக இருக்கக்கூடிய வயதுதான் இருக்கும். இரண்டு றெக்கோட்டையும் உறையிலிருந்து உருவி எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். லேபிளுக்குப் பக்கத்தில் கீறியிருந்த இலக்கம் அவன் கண்ணில் பட்டுவிட்டது. இது என்ன இலக்கம், யார் எழுதினது, யாருக்கு எழுதினது என்று சிங்களத்தில் கேட்டான். ஹியூபேட் விளக்கினார். வாய் முழுக்க ‘சேர், சேர்’ என்று வந்தது. முதுகில் வியர்வை இறங்கியது.

பிறகு அவன் அழகுமுத்துவைக் காட்டி, இது யார் என்று கேட்டான். “மே கவுத?”

“அபே மல்லி, சேர்,” என்றார் ஹியூபேட். எங்கள் தம்பி. யோசிக்காமல் சொன்னார். அந்த ஒரு சொல்லில் அழகுமுத்துவை விட்டுவிட்டான்.

“ஹரி, யண்ட,” போகலாம் என்று சிப்பாய் கையைக் காட்டினான். பூபாலசிங்கத்தையும் விட்டுவிட்டிருந்தார்கள். பஸ்காரன் ஹோன் அடித்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற சனம் தள்ளியது. அவசர அவசரமாக ஹியூபேட் றெக்கோட்டுகளை உறைக்குள் திணித்துக்கொண்டு ஓடி ஏறினார். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அது சோதனைச்சாவடியில் நின்று பார்க்காதவர்கள் சொன்னது. அந்த ஐந்து நிமிஷத்தை, மகன் வயதுப் பொடியனைச் சேர் என்று கூப்பிட்ட வாயோடு சேர்த்து, ஹியூபேட் அன்றைக்கே மனத்திலிருந்து துடைத்து எறிந்துவிட்டார்.

வெள்ளவத்தைக்குப் போனால் அங்கே வேறு கூத்து. பூபாலசிங்கத்தின் மனைவி தூசி தட்டும்போது துணி கொளுவி, பிளேயரின் ஊசி முறிந்து கிடந்தது. சிங்கப்பூரில் இருக்கிற தங்கச்சியிடம் சொல்லித்தான் புது ஊசி எடுக்க வேண்டும். வடையைச் சாப்பிட்டு, தேத்தண்ணியைக் குடித்து, அவரவர் உறையை அவரவர் எடுத்துக்கொண்டு பிரிந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஹியூபேட் தனியாக உட்கார்ந்து ‘வெட் மண்டே’யைப் போட்டார். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு வந்தது. கையை உயர்த்தினார். இருமல் வரவில்லை.

ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தார். வரவில்லை. றெக்கோட்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். இலக்கம் இரண்டில் முடிந்தது.

கிழமை முழுக்க றெக்கோட் வீட்டில்தான் இருந்தது. அவர் வேலையால் வருவதற்கு முன், அழகுமுத்து கடையால் நேரத்தோடு வந்து சில நாட்களில் பாட்டுப் போட்டுக் கேட்பான். டோரின் விட்டிருந்தாள். வேறு யார் இந்த அறைக்குள் வருகிறார்கள்? இரண்டாம் அச்சு ஒன்றைப் புறக்கோட்டைப் பழைய சாமான் கடையில் எடுத்து இங்கே வைத்துவிட்டு, அசலைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். யாரிடம்? அதற்கும் ஹியூபேட்டிடம் பதில் இருந்தது. இருமலைப் பிடிக்காது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறவன்தான் அதற்கு ஆசைப்படுகிறவன். பொருளை மட்டம் தட்டினால்தானே கைக்கு வரும்?

வெள்ளவத்தைக்குப் போன் எடுத்தார். “உம்மட றெக்கோட் பத்திரமா இருக்கோ?”

“அலுமாரிக்குள்ள கிடக்கு. ஊசி வராமல் என்னத்தைக் கேக்கிறது? ஏன், களவெடுக்கவோ பாக்கிறீர்?” என்று பூபாலசிங்கம் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஹியூபேட் இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தார்.

அன்றே அழகுமுத்துவைக் கூப்பிட்டு, தம்பி, றெக்கோட்டில் இருமலைக் காணவில்லை, உனக்கு ஏதும் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதைக்கு இடமே இல்லை. ஆனால் கேட்டால் கள்ளன் உசாராகிவிடுவானாம். இதுதான் ஹியூபேட்டின் கெட்டித்தனம். வாயைப் பூட்டிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்தார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அழகுமுத்து புதுச் சேட் போட்டால், காசு எங்கால் வந்தது? நேரத்தோடு படுத்தால், முகம் கொடுக்கப் பயப்படுகிறான். கடைசிப் பாட்டை முணுமுணுத்தால், ஆகா, துணிச்சலைப் பார்! ஒரு வெள்ளிக்கிழமை அவன் சதுரமாக, தட்டையாக, பேப்பரில் சுற்றிய ஒரு பார்சலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டனுக்கு ரயில் ஏறப் போனான். ஹியூபேட் மேல்மாடி யன்னலில் நின்று அது தெருமுனை திரும்பும் வரை பார்த்தார்.

“என்ன வந்தது உங்களுக்கு?” என்று டோரின் கேட்டாள். “அந்தப் பிள்ளையோட ஒரு கிழமையா முகம் குடுத்துக் கதைக்கிறீங்க இல்ல.”

“ஒண்டுமில்ல. உனக்கு விளங்காது.”

“எனக்கு விளங்காட்டிப் பரவாயில்ல. அவனைக் கேளுங்கோ.”

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த கிழமை ஒரு நாள் கந்தோரில் தலையிடி என்று சொல்லிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். டோரின் சந்தைக்குப் போயிருந்தாள். பின்னறைக்குள் போய், கட்டிலுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியை இழுத்தார். பூட்டு இல்லை. பூட்டாத பெட்டியைக் கண்டதும் வெட்கப்பட்டிருக்க வேண்டிய மனிதர், பூட்டாமல் விட்டதும் ஒரு தந்திரம் என்று நினைத்தார். மடித்த சேட்டுகள், ஒரு கம்பளி, ஒரு குடை, அம்மா கொடுத்துவிட்ட தேயிலைத்தூள் ஒரு போத்தல். றெக்கோட் இல்லை. ஆனால் அடியில் ஒரு கசெட் இருந்தது. மேலே பேனையால், தமிழில், ‘வெட் மண்டே’.

இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கொப்பி அடித்து வைத்துக்கொண்டு அசலை விற்றிருக்கிறான். எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கி வைத்ததாக நினைத்துக்கொண்டு ஹியூபேட் எழும்பினார்.

அந்தச் சனிக்கிழமை விடிய, தெருவை வளைத்துவிட்டார்கள். வீடு வீடாகச் சோதனை. இது புதிதில்லை, அந்த வருஷம் முன்னரும் வந்து போயிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அதிகாரி அழகுமுத்துவைக் காட்டி யார் என்று கேட்பார், ஹியூபேட் எங்கள் தம்பி என்பார், அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

இந்த முறை ஒரு பொலிஸ்காரன் பின்னறையிலிருந்து அந்தக் கசெட்டோடு வந்தான். மேலே தமிழ் எழுத்து. அந்த நாளில் தமிழ் எழுத்துள்ள கசெட் என்றால் அதற்குள் போராட்டப் பாட்டுத்தான் இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு முடிவு உண்டு. அழகுமுத்து உடைந்த சிங்களத்தில் இங்கிலிஷ் பாட்டு, இங்கிலிஷ் பாட்டு என்று சொன்னான். சொல்லிக்கொண்டே ஹியூபேட்டைத் திரும்பிப் பார்த்தான். அண்ணே சொல்லுவார் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் அப்படியே தெரிந்தது.

அதிகாரியும் ஹியூபேட்டைத்தான் பார்த்தார். “மே கவுத?”

ஹியூபேட்டின் கண் கசெட்டில் நின்றது.

“குலியட்ட இன்ன கெனெக்,” என்றார். வாடகைக்கு இருக்கிற ஒருவர். பிறகு கேட்காமலே ஒன்றைச் சேர்த்தார். “ஹொந்தட்ட தன்னே நே.” நன்றாகத் தெரியாது.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. வாடகைக்குத்தான் இருந்தான். அப்படித்தான் அன்று முழுக்கத் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். அழகுமுத்து செருப்பைப் போட அவகாசம் கேட்டான், கொடுக்கவில்லை. டோரின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினாள். திரும்பி வந்து செருப்பைப் புருஷனின் காலடியில் வைத்தாள்.

அடுத்த கிழமை பின்னேரம் போன் அடித்தது. பூபாலசிங்கம். சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சு வாங்கினார்.

“ஐசே ஹியூபேட்! சிங்கப்பூர் ஊசி வந்திட்டுது. போட்டுக் கேட்டன். என்ர றெக்கோட்டுக்கு இருமல் பிடிச்சிட்டுது ஐசே! பாணி மருந்து பருக்கட்டோ?”

ஹியூபேட் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“விளங்கேல்லையோ? உம்மடது என்னட்டக் கிடக்கு, என்ரது உம்மட்டக் கிடக்கு. அண்டைக்கு அந்தச் செக்கிங்கில உருவி எடுத்தாங்களெல்லோ? திரும்ப வைக்கேக்க ஆரோ மாத்தி வைச்சிட்டினம்.”

ஆரோ. ஹியூபேட் தன் கையைப் பார்த்தார். வெயில், ஹோன் சத்தம், வியர்வை எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. தன் முதுகு தனக்குத் தெரியாது. கைகூடத் தெரியாது போலிருக்கிறது. போனை வைத்த இடத்திலேயே கதிரையில் குந்தினார். மண்டைக்குள் ஒன்றே ஒன்று மிஞ்சி நின்றது, அந்தச் சதுரப் பார்சல்.

“டோரின்,” என்றார், “அண்டைக்கு அவன் ஊருக்குக் கொண்டுபோன பார்சல்...”

“முருகன் படம். அக்கா புது வீட்டுக்குப் போறாவெண்டு வாங்கினவன். எனக்குக் காட்டிப்போட்டுத்தான் சுத்தினவன். ஏன்?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். டோரின் நின்றபடியே கேட்டாள்.

“ஒரு தட்டுக்காக,” என்றாள். குரல் உயரவேயில்லை. “சேட்டைப் போடுங்கோ. பொலிஸுக்குப் போங்கோ.”

போனார். அதே அதிகாரி. இவர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். சோதனைச்சாவடி, இரண்டு உறை, முதல் அச்சு, இரண்டாம் அச்சு, கசெட்டில் இருப்பது இங்கிலிஷ்காரன் பாட்டு, அதற்கு முன்னால் ஒருவன் இருமுவான். சொல்லச் சொல்ல ஹியூபேட்டின் காதுக்கே அது பைத்தியக்காரன் கதையாக இருந்தது.

“இருமலா?” என்றார் அதிகாரி.

“ஓம் சேர்.”

“போன கிழமை நன்றாகத் தெரியாது என்றீர். இந்தக் கிழமை தம்பி என்கிறீர். வீட்டுக்காரருக்கே தெரியாத ஆளை நாங்கள் எப்படி விடுவது? அவரை வேறு இடத்துக்கு அனுப்பியாச்சு.” பிறகு கையை நீட்டினார். “உங்களுடைய அடையாள அட்டையைக் காட்டுங்கள் பார்ப்போம். உங்களுக்கும் அவருக்கும் உண்மையில் என்ன தொடர்பு?”

ஹியூபேட் அன்று தன் வாழ்நாளில் முதல்முறையாக, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் சந்தேகம் எப்படி இருக்கும் என்று கண்டார். என்ன சொன்னாலும் அது அவருக்கு எதிராகவே திரும்பியது. உண்மையைச் சொல்வதும் உதவவில்லை, அவர் கெட்டித்தனமும் உதவவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் டோரினுடைய பாடு. கோயில் பங்குச் சுவாமியைப் பிடித்தாள், சுவாமி ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார், கடை முதலாளி வந்து அத்தாட்சி சொன்னார். பூபாலசிங்கம் றெக்கோட்டைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, இந்தமுறை பகிடி ஒன்றும் விடாமல் போனார். ஞாயிறு தோறும் ஹியூபேட் அதை எடுத்துப் பார்ப்பார். போட மாட்டார். ஒரே ஒரு முறை போட்டார். இருமல் வந்தது. அங்கே ஒரு ஆள் இருக்கிறான். உடனே ஊசியைத் தூக்கிவிட்டார்.

நத்தார் கழிந்து, வருஷம் பிறந்த பிறகு அழகுமுத்துவை விட்டார்கள். ஒரு காலை பெட்டியை எடுத்துப் போக வந்தான். பாதியாக மெலிந்திருந்தான். டோரின் தேத்தண்ணி கொடுத்தாள், நின்றபடியே குடித்தான். ஹியூபேட் உள்ளே போய் றெக்கோட்டை எடுத்து வந்தார்.

“தம்பி, இதை நீ வைச்சுக்கொள்ளு.”

“வேணாங்க சார். எங்கிட்ட பிளேயர் இல்ல.”

சார். அந்த வார்த்தையை அவன் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதை அவர் கேட்டிருக்கிறார்.

“நீ எடுத்ததா நினைச்சிட்டன்,” என்றார் ஹியூபேட். “உறை மாறினதைக் காணேல்ல. பிழை விட்டிட்டன்.”

அழகுமுத்து கோப்பையைக் கீழே வைத்தான். “நான் பாத்தேனே சார். செக்கிங்ல நீங்க மாத்திப் போட்டப்ப ஒங்க பின்னாலதான் நின்னேன். ‘என் பிளேயர்ல போட்டுக் கேட்டா தெரியும்’னு மருந்துக்கடைக்காரரு சொல்லிக்கிட்டே வந்தாருல்ல. சரி, ரெண்டு பேரும் வேணும்னுதான் மாத்தி வச்சிக்கிட்டீங்கன்னு நெனச்சேன்.” பின்னறைப் பக்கம் திரும்பினான். “நீங்க கேக்கலியே.”

பின்னறைக்குப் போய்த் தகரப் பெட்டியோடு வந்தான். வாசலைத் தாண்டவில்லை. பெட்டியை விறாந்தையில், ஹியூபேட்டின் காலுக்கு முன்னால் வைத்து, குனிந்து மூடியைத் திறந்தான். சேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வைத்தான். கம்பளியை உதறிக் காட்டினான். குடையையும் விரித்துச் சுருக்கினான். சோதனைச்சாவடியில் எல்லாரும் செய்து பழகியபடி, அவசரமில்லாமல், ஒழுங்காக.

“போன தடவ கொடைய எடம் மாத்தி வச்சிட்டீங்க,” என்றான். குரலில் கோபம் இல்லை. “இந்தத் தடவ நான் இருக்கையிலயே பாத்துக்கங்க, சார்.”

கைகளை முன்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். போகலாம் என்று சொல்லும்வரை மூட மாட்டான் என்று ஹியூபேட்டுக்கு விளங்கியது. அந்தச் சொல் அவருக்கு வாயில் வரவில்லை. றெக்கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். கடைசியில் டோரின் வந்து குந்தியிருந்து, சேட்டுகளை மடித்து வைத்து, பெட்டியை மூடிக் கொடுத்தாள்.